தொலைபேசியில் நான் சொல்லாமல் விட்டது

சென்ற மாதம் சுங்கை சோவில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகளும் வந்திருந்தாள். தனியார் கிளினிக்கில் டாக்டராக இருக்கிறாள். நோயாளியை நேரில் வரவழைக்காமல் கைப்பேசித் திரையில் பார்த்தே ஆலோசனை சொல்லும் டாக்டர்களுக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை தர வேண்டும் என்று அவர்கள் வட்டாரத்தில் பேச்சு நடக்கிறதாம். ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, நானும் ஒரு காலத்தில் தோட்டத்திலிருந்து டாக்டருக்குப் போன் போட்டு வைத்தியம் பார்த்தவன் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

“அங்கிள், நீங்கல்லாம் எய்ட்டீஸ்லயே இதைச் செஞ்சிட்டீங்க லா. எங்க சங்க மலருக்கு எழுதிக் குடுங்க. எங்களுக்கும் பெருமையா இருக்கும்” என்றாள்.

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெருமை என்ற சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் ஏதோ நாலு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதிக் கொடுத்திருப்பேன். அதற்கு வேண்டிய கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அந்தச் சொல் நெஞ்சில் போய் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு ஒன்றை எழுதத் துணிந்தேன். மலரில் போட்டால் போடட்டும், கிழித்துப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் தோட்டத்து டிரஸர். தாளில் ‘மருத்துவ உதவியாளர்’ என்று நீளமாக இருக்கும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஜனங்களுக்கு டிரஸர் ஐயா, அவ்வளவுதான். ஒரு பெரிய தோட்ட ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் புண் கழுவி, ஊசி கொதிக்க வைத்து, பரீட்சை எழுதித் தேறினேன். பிறகு பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. தகரக் கூரை போட்ட கிளினிக், நான்கு கட்டில், ஒரு மருந்து அலமாரி, உதவிக்கு ஓர் ஆயா. மாத்திரை கொடுப்பதும் தையல் போடுவதும் என் வேலை. என் கைக்கு மீறியது எதுவானாலும் டாக்டர் சொல்ல வேண்டும்.

டாக்டர் செல்லத்துரை கோலா சிலாங்கூர் டவுனில் சொந்த கிளினிக் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். எங்கள் தோட்டத்தோடு சேர்த்து ஏழெட்டுத் தோட்டங்களுக்கு அவர்தான் வருகை மருத்துவர். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. காரை விட்டு இறங்கியதும் கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஆயா நீட்டும் துண்டில் துடைக்க மாட்டார், கையை உதறியபடியே உள்ளே வருவார். யார் வந்தாலும் அவரிடம் நான்கே கேள்விகள். எப்போதிலிருந்து? எங்கே? என்ன சாப்பிட்டாய்? என்ன வேலை? நாலாவது கேள்விக்கு ‘காட்டு வேலை’ என்று சொன்னால் விட மாட்டார். காட்டில் என்ன வேலை, கத்தியா, கூடையா, பம்பா, எந்தக் கையில் பிடிப்பாய் என்று குடைவார். பிறகு ஆளைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்ப்பார். தலைவலி என்று வந்தவனுக்கும் முதுகு பார்க்காமல் சீட்டு எழுதியதில்லை. எங்களோடு இங்கிலீஷிலேயே பேசுவார். கிழவிகளிடம் மட்டும் யாழ்ப்பாணத்து ஊர்த் தமிழ் வரும்.

அதிகம் பேசாத மனிதர். தப்பாக மருந்து கலந்தால் திட்ட மாட்டார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு என் பக்கம் வைப்பார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம் என்று தோன்றும்.

இப்படி இருந்தபோதுதான் அரசாங்கம் ஒரு சோதனை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தூரத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு டாக்டர் தொலைபேசியில் ஆலோசனை சொன்னால், ஒவ்வொரு ஆலோசனைக்கும் அவருக்கு ஒரு தொகை. மண் ரோட்டில் கார் வந்து சேரும் நேரத்தில் பத்துப் பேருக்கு வழி சொல்லிவிடலாமே என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஏமாற்று நடக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். பேசும்போது நோயாளி தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டாக்டர் விரும்பினால் நோயாளியின் குரலையே கேட்கலாம். அதற்கென்று அச்சடித்த படிவத்தில், நாங்கள் பாரம் என்போம், பெயர், வயது, உபாதை, டாக்டர் சொன்ன ஆலோசனை, கீழே ‘நோயாளி அருகில் இருந்தாரா’ என்று ஒரு கட்டம். அதில் ஆம் என்று போட்டு நான் கையெழுத்து வைக்க வேண்டும். டாக்டர் தன் பக்கத்தில் இதேபோல் ஒன்று நிரப்புவார்.

எங்கள் தோட்டத்தில் தொலைபேசி ஆபீஸில் மட்டும்தான் இருந்தது, பெரிய கிராணி என்கிற தலைமைக் குமாஸ்தாவின் மேசை மேல். அந்த ஆபீஸுக்கு இடுப்புயர அரைக்கதவு ஒன்று உண்டு. உள்ளே கிராணிமார், பின்னால் கண்ணாடித் தடுப்பில்லாத மானேஜர் மேசை. தொழிலாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு அரைக்கதவுக்கு வெளியே நிற்பார்கள். சம்பளமானாலும் சண்டையானாலும் அங்கேதான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. இன்னும் சொல்லப்போனால் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகும் உரிமை எனக்கு இருந்ததில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. ஆகவே நோயாளி அருகில் என்றால் எங்கள் தோட்டத்தில் அரைக்கதவுக்கு வெளியே என்று அர்த்தம். ரிசீவர் என் கையில். பேச்சு இங்கிலீஷில். அந்த ரிசீவர் ஒருநாள்கூட ஒரு தொழிலாளியின் காதுக்குப் போகவில்லை. ஆனால் எல்லாப் பாரத்திலும் ஆம் என்று போட்டேன்.

தொலைபேசி கைகொடுத்த நாட்களும் உண்டு. தோட்டத்துக் காவல்காரர் வேலு ஒருநாள் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். சம்சுச் சாராயம் போட்டுவிட்டுக் கிடக்கிறான் என்று ஆட்களை மேய்க்கும் மண்டோர் முதல் ஆயா வரை தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் கிடத்தினோம். டாக்டர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று, உடம்பு வியர்த்திருக்கிறதா. சட்டையைப் பிழியலாம் என்றேன். இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும், சீனியைக் கரைத்து உதட்டுக்குள் தடவு என்றார். கிராணியின் காப்பிச் சீனியையே எடுத்துத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்த வேலு, என் தொப்பி எங்கே என்று கேட்டார். ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து தொலைபேசிக்கு ஒரு கடவுள் கடாட்சம் வந்துவிட்டது.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் மாறியது. போன் அடிப்பதற்குப் பதினொரு மணி என்று டாக்டர் நேரம் ஒதுக்கினார். மூன்று நோயாளிகளை ஒரே அழைப்பில் சேர்த்துச் சொல்லாதே, தனித்தனியாகக் கூப்பிடு என்றார். தனித்தனியாக என்றால்தான் தனித்தனிப் பாரம். நானும் சளிக்குக் கூப்பிட்டேன், சேற்றுப் புண்ணுக்குக் கூப்பிட்டேன். செவ்வாய் தவறாமல் வந்தவர் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. போனில் அவருடைய நான்கு கேள்விகளும் அப்படியே இருந்தன. குடைவது மட்டும் நின்றுவிட்டது. காட்டு வேலை என்றால் சரி, அடுத்தது என்பார். ஏழெட்டுத் தோட்டத்து டிரஸர்களும் அந்த ஒரு மணி நேரத்தில்தானே அடிக்கிறார்கள். அவர் பேராசைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். டவுனில் வாடகை ஏறியிருந்தது, மகன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தான். மடியில் வந்து விழுகிற தொகையை எந்த மனிதன் தள்ளிவிடுவான்? எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. டாக்டர் வருகிறார் என்று செவ்வாய்தோறும் கிளினிக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆளில்லை.

இனி பாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் பேனா பலநாள் நின்றது.

பாக்கியம் புல் மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருந்தவள். நாற்பதுக்குள் இருக்கும். கணவர் முனியாண்டி பனங்குலை வெட்டுகிறவர். புல் மருந்து என்பது செம்பனை அடியில் முளைக்கும் களையைக் கருக்குகிற விஷம். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் அடித்தபடியே நடக்க வேண்டும். அந்தப் பெண்களின் கைநகங்கள் வெளுத்து, சிலருக்குக் கழன்றும் போயிருக்கும். எங்கள் தோட்டத்துப் பம்புகள் பழையவை. மூடியின் வாயில் வைத்திருந்த ரப்பர் வளையம் வெடித்து, நடக்க நடக்க மருந்து முதுகில் ஒழுகும். பெண்கள் பம்புக்கும் முதுகுக்கும் நடுவே உரச் சாக்கை மடித்து வைத்துக்கொள்வார்கள். சாக்கு ஊறிப் போனால் இன்னும் மோசம், நாள் முழுக்க முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மானேஜர் கெட்டவர் இல்லை. தமிழர்தான், படித்தவர், என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. பம்பு மாற்றத் தலைமை ஆபீஸுக்கு எழுதியிருந்தார். அங்கிருந்து பதில் வரவில்லை. தொழிற்சங்கக்காரர்கள் வேறு ஒருமுறை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருநாள் தேநீர் குடிக்கக் கூப்பிட்டு, பம்பு விஷயமாக யாராவது வந்தால் கிளினிக் புத்தகத்தில் அரிப்பு என்று மட்டும் போட்டு வையுங்கள், நான் மாற்ற ஏற்பாடு செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்றார். என் மாற்றல் விண்ணப்பம் அப்போது அவர் மேசையில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை டிரஸர் இடம். அவர் பரிந்துரை எழுதினால்தான் கிடைக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை.

பாக்கியம் ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, வேலைக்குப் போகாமல் நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். ஆயா திரைக்குப் பின்னால் அவள் ரவிக்கையைத் தளர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இடுப்புக்கு மேலே, பம்பின் அடி உட்காருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருஷப் படிப்பும் ஆறேழு வருஷ அனுபவமும் இருக்கிறவனுக்கு எதற்குச் சந்தேகம்?

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. புண் ஆறுகிற வரைக்கும் பம்பு தூக்காமல் இருக்க ஒரு சீட்டு. உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை கொடுத்தால் போதும் என்றாள். லேசான வேலைக்குச் சீட்டு எழுத எனக்கு அதிகாரம் உண்டு, இரண்டு நாளுக்கு. அதற்கு மேல் டாக்டர் வாக்கு வேண்டும். டாக்டர் சொல்லிவிட்டால் மானேஜர் மறுக்க முடியாது. பதினொரு மணிக்கு ஆபீஸ் பக்கம் வா, டாக்டரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போது மனதார அப்படித்தான் நினைத்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் உண்மை.

பதினொரு மணிக்கு அவள் அரைக்கதவுக்கு வெளியே நின்றாள். அன்றைக்கு அவள் நாலாவது. மற்ற மூன்று பேரைப் பற்றியும் பேசி முடித்தபோது வெளியில் ஜீப் சத்தம் கேட்டது. மானேஜர் உள்ளே வந்து தன் மேசையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நான் டாக்டரிடம் பாக்கியத்தின் பெயரையும் வயதையும் சொன்னேன்.

எப்போதிலிருந்து என்றார். மூன்று நாள் என்றேன். எங்கே என்றார். இடுப்பில், தோலில் எரிச்சல் என்றேன். என்ன சாப்பிட்டாள் என்பதை அவரே தாண்டிவிட்டு, என்ன வேலை என்றார்.

பேப்பர் புரளும் சத்தம் நின்றிருந்தது. மானேஜர் என்னைப் பார்க்கவில்லை. இருமவில்லை, கண்ணைக் காட்டவில்லை. யாரும் என் வாயைப் பொத்தவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறேன். மருந்தடிக்கிறவள், பம்பு ஒழுகி முதுகு வெந்திருக்கிறது. இங்கிலீஷில் அது ஆறேழு வார்த்தை. நான் “காட்டு வேலை, டாக்டர்” என்றேன்.

 இன்னொரு கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன். வந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் அரிப்புக்கான களிம்பு ஒன்றின் பெயரைச் சொல்லி, ஒரு வாரம் தடவட்டும், அடுத்தது என்றார். பாரத்தை எடுத்தேன். உபாதை: தோல் எரிச்சல். ஆலோசனை: களிம்பு. நோயாளி அருகில் இருந்தாரா? ஆம். வேலை என்ன என்பதற்கு அந்தப் பாரத்தில் கட்டமே கிடையாது.

வெளியே வந்தேன். பாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“பம்பு ஒழுகறதச் சொல்லிட்டீங்களா ஐயா?”

“சொல்லிட்டேன்மா. களிம்பு போட்டா ஆறிடும்னாரு.”

“அப்ப சீட்டு?”

“சீட்டு வேணாம்னுட்டாரு.”

 டாக்டரே சொன்ன பிறகு அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது. என்னிடம் இருந்த இரண்டு நாள் அதிகாரத்தையாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் மானேஜர் மேசைக்குப் போகும். களிம்பைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அந்த வெந்த தோலின் மேலேயே பம்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும் போனாள். எட்டு நாள் போனாள். ஒவ்வொரு நாளும் காலையில் கிளினிக் ஜன்னல் வழியாக அந்தப் பெண்கள் பம்போடு போவதைப் பார்ப்பது வழக்கம். அந்த வாரம் அந்த நேரத்தில் நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். மூச்சு வாங்கியது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாள். முதுகுப் புண் குழியாக இறங்கியிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியாத பயம். போன் போடவில்லை, யாரையும் கேட்கவில்லை. தோட்டத்து வேனில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மானேஜர் சாவியை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவளைத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். எத்தனை நாளாக இப்படி, யாரிடமும் சொல்லவில்லையா என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கே எங்கள் டிரஸர் டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டார், பம்பு ஒழுகுவதையும் சொன்னார், நான் பக்கத்திலேயேதான் நின்றேன் என்று மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். இதைப் பிறகு முனியாண்டிதான் எனக்குச் சொன்னார், நன்றியோடு. அந்த இளம் டாக்டர் உடனே டாக்டர் செல்லத்துரையைக் கூப்பிட்டு, சொல்லியும் களிம்பு கொடுத்தீர்களாமே என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் டாக்டரின் கார் வந்தது. செவ்வாய்க்கிழமை அல்ல. கிணற்றடிக்குப் போகவில்லை, நேராக உள்ளே வந்து நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் அவர் பக்கத்துப் பாரம் இருந்தது. அந்தப் பாரங்களை அவர் அன்றன்று மாலையில் மொத்தமாக உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புவாராம். அதை அவரே சொன்னார். பாக்கியம் என்ற பெயர் நினைவில் இல்லை, என்ன பேசினோம் என்பதும் நினைவில் இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன என்றார். பிறகு கேட்டார்.

“நீ சொல்லியிருக்கிறாய். நான்தான் கேட்கவில்லை. அப்படித்தானே?”

இங்கிலீஷில்தான் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அவர் தன்னைக் கண்டே பயந்துகொண்டிருந்தார். எனக்கு அங்கே ஒரு வழி இருந்தது. கிளினிக்கில் மானேஜர் இல்லை, கிராணி இல்லை, ஆயாகூட வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இல்லை டாக்டர், நான் சொல்லவில்லை என்றால் போதும். நான் “யெஸ், டாக்டர்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து போகும்போது என் தோளில் கையை வைத்து, நீ உன் வேலையைச் செய்தாய் என்றார். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவதற்கு எனக்கு இன்றுவரை ஒரு பெயரும் அகப்படவில்லை.

டாக்டர் அதற்குப் பிறகு தொலைபேசி ஆலோசனைப் பாரம் ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. அரசாங்கத் தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடி செவ்வாய்க்குச் செவ்வாய் வந்தார். வந்தவர் முன்பைவிட மெதுவாகப் பார்த்தார், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார். தன் காதை நம்பாத மனிதராகிவிட்டார். இரண்டு வருஷம் போல அப்படி ஓட்டிவிட்டு கிளினிக்கை விற்றுவிட்டார். காலமாகிப் பல வருஷம் ஆகிறது. எனக்குத் தலைமை டிரஸர் இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்தேன், அங்கிருந்துதான் ஓய்வும் பெற்றேன். பாக்கியம் செத்துப்போன அடுத்த மாதம் தோட்டத்துக்குப் புதுப் பம்புகள் வந்தன.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று கேட்பீர்கள். நானும் பிற்பாடு ஒரு பெரிய டாக்டரிடம், யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டேன். புண்ணோடு மறுபடி பம்பு தூக்காமல் இருந்திருந்தால் பிழைக்க நிறைய வழி இருந்திருக்கும் என்றார். சொல்ல முடியாது என்று அவர் சொல்லுவார், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று நம்பித்தான் கேட்டேன்.

சாவு வீட்டில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன பதினோராம் நாள் அவள் இறந்தாள். லயத்தின் முன்னால் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். மானேஜர் மாலை அனுப்பியிருந்தார். டாக்டர் செல்லத்துரை நேரிலேயே வந்தார். அவர் ஒரு தோட்டத்துச் சாவுக்கு வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் முனியாண்டியின் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். கிழவிகளிடம் பேசுகிற அந்தத் தமிழில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

“அண்டைக்கு இவர் எனக்குச் சொன்னவர். நான்தான் வடிவாக் கேக்கேல்லை. என்னை மன்னிக்கோணும்.”

‘இவர்’ என்று அவர் கையைக் காட்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. முனியாண்டி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் அப்படியே திரும்பிக் காருக்குப் போனார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். வைக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்து, வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். தலைமாட்டில் நின்ற முனியாண்டி கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“டிரஸர் ஐயா, நீங்களும் வந்து போடுங்க. அவளுக்காக வாயத் தொறந்து பேசுனது நீங்க ஒருத்தர்தான்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அங்கே என்ன காரணம் இருந்தது? மறுத்தால், இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல வேண்டும். பந்தலில் இருந்தவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். யாரோ என் கையைப் பிடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அரிசியை அள்ளினேன். பாக்கியத்தின் வாய் கொஞ்சம் திறந்தே இருந்தது. போட்டேன்.